நாற்பது ஏக்கர்: எந்தப் பத்திரம் நின்றது, எது நிற்கவில்லை

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-ல் ஓய்ந்தபோது, தென் மாநிலங்களில் சுமார் 40 லட்சம் கறுப்பின மக்கள் அடிமைத்தளையிலிருந்து வெளியே வந்தார்கள். அதையொட்டி 1877 வரை ஓடிய ஆண்டுகளை மறுகட்டமைப்புக் காலம் என்பார்கள். அரசியல் சட்டத் திருத்தங்கள், ஓட்டுரிமை, கறுப்பினத்தவரை மிரட்டித் தாக்கிய கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளையர் கூட்டம் ஆகியவற்றை வைத்தே அந்தக் காலத்தைப் பற்றிப் பேசுவது வழக்கம். இங்கே நிலத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நிலம் எந்தக் காகிதத்தின் பேரில் கைக்கு வந்தது, எந்தக் காகிதத்தின் பேரில் பறிபோனது என்று பார்த்தால்தான் ஓட்டுரிமை ஏன் நிலைக்கவில்லை என்பதும் விளங்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

நிலம் வேண்டும் என்பது விடுதலை பெற்றவர்களே தெளிவாக வைத்த கோரிக்கை. 1865 ஜனவரி 12 அன்று ஜார்ஜியாவின் சவானா நகரில் வடக்குப் படையின் ஜெனரல் ஷெர்மனும் போர்த்துறை அமைச்சர் ஸ்டாண்டனும் கறுப்பினச் சமயப் பெரியவர்கள் 20 பேரை அழைத்துக் கருத்துக் கேட்டார்கள். எல்லோர் சார்பிலும் பேசியவர் 67 வயதான காரிசன் ஃப்ரேசியர். தன்னையும் தன் மனைவியையும் 1857-ல் 1,000 டாலர் கொடுத்து மீட்டுக்கொண்டவர். உங்களை நீங்களே காப்பாற்றிக்கொள்ள என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, நிலம் வேண்டும், அதை எங்கள் உழைப்பால் உழுது பயிரிடுவோம், பிறகு விலை கொடுத்துச் சொந்தமாக்கிக்கொள்வோம் என்றார். யாரும் அங்கே தானம் கேட்கவில்லை.

நான்காம் நாள், ஜனவரி 16 அன்று, ஷெர்மனின் 15-ஆம் எண் களஆணை வந்தது. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே உள்ள தீவுகள், கடலிலிருந்து 30 மைல் வரை ஆற்றோரமாகக் கைவிடப்பட்டுக் கிடந்த நெல் வயல்கள், ஃப்ளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் ஆற்றங்கரை இவையெல்லாம் விடுதலை பெற்றவர்களுக்கென ஒதுக்கப்பட்டன. குடும்பத்துக்கு 40 ஏக்கருக்கு மிகாமல் உழவுக்கேற்ற நிலம். நீர்வழியை ஒட்டியிருந்தால் கரையோர அகலம் 800 அடிக்கு மேல் கூடாது. ஆற்று முகப்பை ஒருவரே வளைத்துப் போட்டுக்கொண்டால் பின்னால் இருப்பவர் விளைச்சலைப் படகேற்ற வழியிருக்காது. மூன்று குடும்பத் தலைவர்கள் சேர்ந்து இடம் தேர்ந்தெடுத்தால் போதும், ஆய்வாளர் உரிமம் கொடுத்து அளந்து பிரித்துவிடுவார். பொறுப்பு ஜெனரல் ரூஃபஸ் சாக்ஸ்டனுடையது. ஜூன் மாதத்துக்குள் சுமார் 40,000 பேர் 4 லட்சம் ஏக்கரில் குடியேறிவிட்டார்கள். ‘நாற்பது ஏக்கரும் ஒரு கோவேறு கழுதையும்’ என்று பின்னாளில் ஊர் ஊராகப் பரவிய பேச்சுக்கு மூலம் இதுதான். கழுதை ஆணையில் கிடையாது. இராணுவம் தன்னிடமிருந்ததைச் சில குடும்பங்களுக்குக் கொடுத்து உதவியது.

கோளாறு ஆணையின் ஒரு வரியில் இருந்தது. குடியேறுகிறவர்களுக்கு எழுத்துமூலம் கொடுக்கப்படுவது அனுபவ உரிமைச் சீட்டு, அதுவும் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு உட்பட்டது என்று எழுதியிருந்தது. நம் வழக்கில் சொன்னால் அனுபவ பாத்தியதை. கிரயப் பத்திரம் இல்லை. 1865 ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டு ஆண்ட்ரூ ஜான்சன் பதவிக்கு வந்ததும், ஒப்புதல் தர வேண்டிய ஆள் மாறிவிட்டார்.

மே 29 அன்று ஜான்சன் பொதுமன்னிப்பு அறிவித்தார். விசுவாசப் பிரமாணம் எடுத்தால், அடிமைகள் நீங்கலாக, சொத்துரிமை திரும்பக் கிடைக்கும். 20,000 டாலருக்கு மேல் சொத்துள்ள பெருநிலக்காரர்கள் தனித்தனியே விண்ணப்பித்து மன்னிப்புப் பெற வேண்டும். அவர் அதை ஆயிரக்கணக்கில் கொடுத்தார். அந்த ஆண்டு மார்ச் 3 அன்று சட்டம் போட்டு நிறுவிய விடுதலை பெற்றோர் நலப் பணியகத்தின் கையில் அப்போது சுமார் 8.5 லட்சம் ஏக்கர் இருந்தது. 40 ஏக்கர் துண்டுகளாக மூன்று ஆண்டுக் குத்தகைக்கு விடலாம், ஆண்டுக் குத்தகை 1860 மதிப்பீட்டில் 6 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, இடையிலேயே விலைக்கும் வாங்கிக்கொள்ளலாம் என்று அந்தச் சட்டமே சொன்னது. பணியகத் தலைவர் ஜெனரல் ஆலிவர் ஹோவர்டு ஜூலையில் 13-ஆம் எண் சுற்றறிக்கை அனுப்பி நிலத்தைப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். ஜான்சன் அதை ரத்துசெய்ய வைத்தார். செப்டம்பரில் வந்த 15-ஆம் எண் சுற்றறிக்கை, நீதிமன்றம் முறைப்படி பறிமுதல் செய்து விற்காத நிலமெல்லாம் மன்னிப்புப் பெற்ற பழைய முதலாளிக்கே போகும் என்றது. அப்படி விற்கப்பட்ட நிலம் மிகச் சொற்பம்.

அக்டோபரில் ஹோவர்டே தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவுக்குப் போய் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. தீவு மக்கள் குழு அமைத்து அவருக்கு எழுதிய மனுவை அந்தக் காலத்தின் மிகத் தெளிவான பொருளாதார ஆவணம் என்றே சொல்வேன். போரில் ஒரு கையை இழந்த நீங்கள் மன்னிக்கலாம். என்னை மரத்தில் கட்டி 39 கசையடி கொடுத்தவன், என் தாயையும் தங்கையையும் அடித்தவன், தனக்குப் பயிரிட்டுத் தன் கூலியை ஏற்றுக்கொண்டால் ஒழியக் காலிக் குடிசையில்கூடத் தங்கவிடாதவன், எனக்குச் சொந்த நிலம் இருந்தால் அவன் பக்கமே போகமாட்டேன் என்று தெரிந்தே நிலம் எனக்குக் கிடைக்காமல் மற்றவர்களோடு கூடித் தடுப்பவன், அவனை என்னால் மன்னிக்க முடியாது என்று அதில் இருக்கிறது. நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறவர்களுக்கு வேண்டியது நிலம் மட்டுமல்ல, அதில் வேலைசெய்ய வேறு போக்கிடம் இல்லாத கைகளும்தான் என்பதை அவர்கள் அன்றே கண்டுகொண்டார்கள். சாக்ஸ்டன் நிலத்தைத் திருப்பிக்கொடுக்க மறுத்தார். 1866 ஜனவரியில் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

அதே கடற்கரையில், சில மைல் தள்ளி, நிலம் நின்ற இடமும் உண்டு. போஃபர்ட் ஊரையும் செயின்ட் ஹெலினா தீவையும் வடக்குப் படை 1861 நவம்பரிலேயே பிடித்துவிட்டது. முதலாளிகள் ஓடிப்போனார்கள். 1862-ல் வந்த நேரடி வரிச் சட்டப்படி, வரி கட்டாத நிலம் அரசுக்குச் சேர்ந்து ஏலத்துக்கு வரும். 1863 மார்ச்சில் நடந்த முதல் ஏலத்தில் விடுதலை பெற்றவர்கள் பணத்தைக் கூட்டாகப் போட்டுச் சுமார் 2,000 ஏக்கர் எடுத்தார்கள். பரப்பு சிறிதுதான். ஆனால் வரி ஏலத்தில் வாங்கிய நிலத்துக்கு அரசு விற்பனைச் சான்றிதழ் கொடுத்தது. மன்னிப்பு இதைத் தொடவில்லை. பழைய உரிமையாளர்கள் தரப்பு வழக்குப் போட்டுப் பார்த்தது. சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து ‘பிளாண்டர்’ என்ற தென்படைக் கப்பலை 1862-ல் குடும்பத்தோடு ஓட்டிக்கொண்டு வடக்குக் கடற்படையிடம் சேர்த்த ராபர்ட் ஸ்மால்ஸ், தன்னை அடிமையாக வைத்திருந்தவரின் போஃபர்ட் வீட்டையே இந்த வரி ஏலத்தில் வாங்கியிருந்தார். அந்த வீட்டுக்கான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1878-ல் ஸ்மால்ஸ் பக்கம் தீர்ப்பானது. ஒரே மண், ஒரே மக்கள்; ஷெர்மன் சீட்டு வைத்திருந்தவர் வெளியேறினார், வரிச் சான்றிதழ் வைத்திருந்தவர் தங்கினார். 1866 ஜூலைச் சட்டம், செல்லுபடியாகும் ஷெர்மன் சீட்டு உள்ளவர்களுக்கு அரசின் கையிலிருந்த வரி நிலத்தில் 20 ஏக்கர் வரை, ஏக்கர் ஒன்றரை டாலருக்கு வாங்க வழிசெய்தது. அரைகுறைத் தீர்வுதான், இருந்தாலும் அதில் வாங்கியவர்களின் உரிமை உறுதியாக இருந்தது.

நிலத்தைப் பறிமுதல் செய்து பகிர்ந்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசில் விடாமல் வாதாடியவர் தாடியஸ் ஸ்டீவன்ஸ். 200 ஏக்கருக்கு மேல் வைத்திருக்கும் சுமார் 70,000 பேரின் நிலத்தை எடுத்து, வயதுவந்த ஆணுக்கு 40 ஏக்கர் வீதம் கொடுத்து, மிச்சத்தை விற்றுப் போர்க்கடனை அடைக்கலாம் என்பது அவர் கணக்கு. அவருடைய சொந்தக் கட்சியின் வடக்கு உறுப்பினர்களே ஒத்துக்கொள்ளவில்லை. சொத்துரிமையில் கைவைத்தால் நாளை தங்கள் ஆலைத் தொழிலாளியும் கேட்பான் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது.

நிலம் இல்லையென்றானதும் மிஞ்சியது ஒப்பந்தம். தென் மாநிலச் சட்டமன்றங்கள் 1865 கடைசியில் கொண்டுவந்த கறுப்பர் சட்டங்கள் அந்த ஒப்பந்தத்துக்குள் ஆளை அடைக்கவே எழுதப்பட்டவை. மிசிசிப்பியில் ஒவ்வொரு ஜனவரியிலும் வேலை இருப்பதற்கு எழுத்துச் சான்று காட்ட வேண்டும். ஊருக்கு வெளியே நிலம் குத்தகைக்கு எடுக்கக்கூடாது. தென் கரோலினாவில் விவசாயக் கூலி, வீட்டு வேலை தவிர வேறு தொழில் செய்ய ஆண்டுக்கு 10 முதல் 100 டாலர் வரை வரி. இவற்றில் அப்பட்டமானவற்றைப் பணியகமும் இராணுவமும் 1866-ன் குடிமை உரிமைகள் சட்டமும் செல்லாததாக்கின.

ஒப்பந்தம் ஜனவரி முதல் டிசம்பர் வரை ஓராண்டுக்கு. நல்ல உழைப்பாளி ஆணுக்கு மாதம் 10, 12 டாலர், பெண்ணுக்குக் குறைவு. படியாக வாரம் ஒரு பெக் (ஏறக்குறைய 9 லிட்டர் கொள்ளும் அளவு) மக்காச்சோள மாவு, மூன்றரை நான்கு பவுண்டு உப்பிட்ட பன்றிக்கறி. கூலியில் பாதியை அறுவடை முடியும்வரை முதலாளி நிறுத்திவைப்பார். ஏமாற்று இங்கேதான் நடந்தது. பருத்திக்குக் கடைசிக் களையெடுப்பு ஜூலை கடைசியில் முடிந்துவிடும். பஞ்சு எடுப்பு வரை வேலை குறைவு. அந்த இடைவெளியில் மரியாதைக் குறைவாகப் பேசினான் என்று சொல்லி ஆளை வெளியேற்றினால், நிறுத்திவைத்த கூலி முழுவதும் முதலாளிக்கு மிச்சம். முறையிடலாம் என்றால் பணியகத்துக்குத் தெற்கு முழுவதும் சேர்த்தே ஒரு சமயத்தில் 900-க்கு மேல் அலுவலர்கள் இருந்ததில்லை. 1866-ல் மிசிசிப்பி மாநிலம் முழுவதற்கும் ஒரு டஜன் பேர்தான். போதாததற்கு 1866, 1867 இரண்டுமே மோசமான ஆண்டுகள். போர்க்காலத்தில் தேங்கிக் கிடந்த பழைய விதை முளைக்கவில்லை. மழை வெள்ளம் ஒருபுறம், பச்சையெல்லாம் தின்னும் படைப்புழு ஒருபுறம். கூலி கொடுக்க முதலாளியிடமும் காசு இல்லை.

வாரச் சாகுபடி, அதாவது விளைச்சலில் பங்கு பேசிப் பயிரிடும் முறை, வந்தது இந்த இழுபறியிலிருந்துதான். அதை ஆரம்பத்திலிருந்தே வெறும் சதி என்று எழுதுவது சரியல்ல. கங்காணியின் சாட்டைக்குக் கீழே கும்பலாக வேலைசெய்ய விடுதலை பெற்றவர்கள் அடியோடு மறுத்தார்கள். மனைவியை வயலுக்கு அனுப்ப மறுத்த குடும்பங்கள் ஏராளம். குடும்பத்துக்கென்று தனித் துண்டு, நாள் முழுக்க யாரும் மேற்பார்வை பார்க்காத வேலை என்று கேட்டுப் பெற்றார்கள். ஜார்ஜியாவின் ஓகிள்தார்ப் மாவட்டத்தில் பாரோ பண்ணையின் 1860, 1881 வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இது கண்ணுக்கே தெரியும். முன்னதில் அடிமைக் குடிசைகள் முதலாளி வீட்டையொட்டி ஒரே கொத்தாக இருக்கும். பின்னதில் வீடுகள் பண்ணை முழுக்கச் சிதறி, ஒவ்வொன்றும் அதனதன் வயலில் நிற்கும்.

பங்கு முறை இரண்டு. நிலம், கோவேறு கழுதை, ஏர், விதை எல்லாம் முதலாளியுடையது என்றால் விளைச்சலில் பாதி. சொந்தமாகக் கழுதையும் கருவியும் வைத்திருப்பவர் தானியத்தில் மூன்றில் ஒன்றும் பருத்தியில் நான்கில் ஒன்றும் கொடுத்தால் போதும். ஆக, ஒரு கழுதை வாங்கிவிட்டால் நிலை அடியோடு மாறும். வாங்கமுடியாமல் போனதற்குக் காரணம் கடன்.

போருக்குப் பின் தெற்கில் வங்கியே அரிதாகிவிட்டது. புதிய தேசிய வங்கி தொடங்கச் சிற்றூரில்கூட 50,000 டாலர் முதல் வேண்டும். அந்த வங்கி நிலத்தின் பேரில் கடன் கொடுக்கக்கூடாது. மாநில வங்கிகளின் நோட்டுக்கு 1866-லிருந்து 10 சதவீத வரி. ஆகவே மார்ச் முதல் அக்டோபர் வரை சாப்பாட்டுக்கு வழி, குறுக்குச்சாலைக் கடைக்காரர்தான். அவர் கேட்கும் ஈடு, இன்னும் முளைக்காத பயிர். மாநிலங்கள் பயிர் அடமானச் சட்டம் போட்டு அதற்கு வலுவும் கொடுத்தன. கடையில் இரண்டு விலை உண்டு, கைக்காசுக்கு ஒன்று, பற்றுக்கு ஒன்று. பற்று விலையில் ஏற்றிய தொகையை, கடன் நின்ற மாதங்களுக்குக் கணக்குப்போட்டால் ஆண்டு வட்டி 50, 60 சதவீதத்தைத் தொடும்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 15 ஏக்கர் பருத்தி, மூன்று ஏக்கருக்கு ஒரு பேல் (பஞ்சுப் பொதி) வீதம் 5 பேல். பேலுக்கு 450 பவுண்டு என்று வைத்தால் 2,250 பவுண்டு. பவுண்டு 11 சென்ட் என்றால் 247.50 டாலர், பாதிப் பங்கு 123.75. கைக்காசு விலையில் 70 டாலர் பெறும் மாவும் கறியும் துணியும் பற்று விலையில் 98 ஆகியிருக்கும். உரத்தில் பாதி 12, பஞ்சு பிரிப்பும் கட்டும் கூலியில் பாதி 8. மொத்தச் செலவு 118. கையில் நிற்பது 5 டாலர் 75 சென்ட். விலை ஒரே ஒரு சென்ட் இறங்கி 10-க்கு வந்தால் பங்கு 112.50, ஐந்தரை டாலர் கடன். உண்மையில் விலை ஒரு சென்ட்டா இறங்கியது? 1866-ல் நியூயார்க் சந்தையில் 40 சென்ட்டுக்கு மேல் இருந்தது, 1870-ல் 24, 1876-ல் 13. அதே 70 டாலர் சரக்கைக் கைக்காசுக்கு வாங்க முடிந்திருந்தால் 11 சென்ட்டில் 33 டாலருக்கு மேல் மிஞ்சியிருக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும். இரண்டு மூன்று நல்ல ஆண்டுகளில் கழுதைக்கு அது போதும்.

கடன் நின்றால் அடுத்த ஆண்டும் அதே கடை. வேறு கடை பற்றுக் கொடுக்காது. கடைக்காரர் பருத்தியே போடச் சொல்வார், ஏனென்றால் சோளத்தைப் போட்டால் குடும்பம் அதைத் தின்றுவிடும், கடைக்கு வராது. தன் நிலத்தில் சோளம் விளைவிக்காமல் மேற்கிலிருந்து ரயிலேறி வரும் சோளத்தை வட்டியோடு வாங்கித் தின்ன வேண்டிய நிலை இப்படித்தான் வந்தது. சட்டமும் கூடவே இறுகியது. 1872-ல் ஜார்ஜியா உச்ச நீதிமன்றம், வாரக்குடி என்பவர் குத்தகைதாரர் அல்ல, பங்காகக் கூலி பெறும் வேலையாள் என்றது. 1877-ல் வட கரோலினா, பாக்கி தீரும்வரை விளைச்சல் முழுவதும் நிலக்காரரின் உடைமை என்று சட்டமே போட்டது. அலபாமாவில் பொழுது சாய்ந்தபின் கொட்டை நீக்காத பருத்தி விற்பது குற்றமானது. தன் பங்கை வேறு வியாபாரிக்கு நல்ல விலைக்கு விற்க இருந்த ஒரே சந்து அது.

மாற்று முயற்சிகளில் இரண்டைச் சொல்ல வேண்டும். 1866 ஜூன் மாதத் தெற்குக் குடியேற்றச் சட்டம் ஐந்து மாநிலங்களில் 4.6 கோடி ஏக்கர் அரசு நிலத்தைத் திறந்துவிட்டது, முதலில் ஆளுக்கு 80 ஏக்கர். ஆனால் அது பைன் காடும் சதுப்பும். வெட்டித் திருத்தி முதல் விளைச்சல் காணும்வரை சாப்பாடு, கழுதை, கோடரி எதுவும் கிடையாது. சட்டம் வந்த மாதத்தில் பெரும்பாலோர் அந்த ஆண்டு ஒப்பந்தத்தில் கட்டுண்டிருந்தார்கள். 1876-ல் சட்டத்தை ரத்துசெய்து மரக் கம்பெனிகளுக்கு வழிவிட்டார்கள். தென் கரோலினா செய்தது இதைவிட நல்லது. 1869-ல் நில ஆணையம் அமைத்து, பெரும்பண்ணைகளை விலைக்கு வாங்கிப் பிரித்து, பத்தாண்டுத் தவணையில் விற்றது. ஊழலும் நடந்தது, மட்டமான நிலம் அதிக விலைக்கு வாங்கப்பட்டது. அப்படியிருந்தும் சுமார் 14,000 குடும்பங்கள் அதில் குடியேறின. பறிமுதலே இல்லாமல், நீண்ட தவணை மட்டும் கொடுத்தாலே இவ்வளவு நடக்கும் என்பதற்கு அதுவே சான்று. வேறு எந்த மாநிலமும் அதைச் செய்யாதது எனக்கு இன்றும் ஆற்றாமை.

சேமித்து வாங்கலாமே என்பவர்களுக்கு, சேமித்தார்கள் என்பதே பதில். 1865-ல் தொடங்கிய விடுதலை பெற்றோர் சேமிப்பு வங்கியில் 5 சென்ட் முதல் போட்டார்கள். காங்கிரஸ் உரிமம் கொடுத்த வங்கி, பாஸ்புக்கில் லிங்கன் படம். அரசு உத்தரவாதம் உண்டென்று நம்பினார்கள். அப்படி எதுவும் இல்லை. அரசுக் கடன் பத்திரத்தில் மட்டுமே முதலீடு என்றிருந்த விதியை 1870-ல் திருத்தி, நிலம் கட்டடத்தின் பேரிலும் கடன் கொடுக்க விட்டார்கள். நிதிக்குழுவில் செல்வாக்கோடு இருந்தவர் ஹென்றி குக். அவர் அண்ணன் ஜே குக்கின் நிறுவனம் 1873-ல் விழுந்தபோது சந்தையே சரிந்தது. 1874 மார்ச்சில் அடிமை ஒழிப்புப் போராளி ஃப்ரெடரிக் டக்ளஸைத் தலைவராக்கினார்கள். நிலைமை தெரியாமல் தன் சொந்தப் பணம் 10,000 டாலரையும் போட்டார். ஜூன் கடைசியில் வங்கி மூடப்பட்டது. 61,144 பேரின் ஏறக்குறைய 30 லட்சம் டாலர் சிக்கியது. பல ஆண்டுகள் கழித்து, விண்ணப்பித்து நிரூபித்தவர்களுக்கு அதிகபட்சம் நூற்றுக்கு 62 திரும்பக் கிடைத்தது. பாதிப்பேருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கழுதைக்கும் ஏக்கருக்கும் வைத்திருந்த காசு அது.

இந்த நிலையில்தான் ஓட்டு. 1867 மறுகட்டமைப்புச் சட்டங்களும் 1870-ல் நிறைவேறிய 15-ஆம் திருத்தமும் கறுப்பின ஆண்களுக்கு ஓட்டுரிமை தந்தன. மிசிசிப்பியிலிருந்து கறுப்பினத்தவரான ஹைரம் ரெவல்ஸ் 1870-ல் செனட்டுக்குப் போனார். தெற்கில் முதன்முறையாக எல்லோருக்கும் பொதுப்பள்ளி வந்தது. ஆனால் ஓட்டுப் போடுகிறவர் குடியிருப்பது முதலாளி நிலத்தில், சாப்பிடுவது கடைக்காரர் பற்றில். இன்ன கட்சிக்கு ஓட்டுப் போட்டால் ஜனவரியில் நிலம் இல்லை என்று சொன்னால் போதும். அதற்கும் மசியாதவர்களுக்குத் துப்பாக்கி. 1873-ல் லூசியானாவின் கோல்ஃபாக்ஸ் ஊரில் கறுப்பினத்தவரைக் கொன்று குவித்தவர்கள் மீதான தண்டனையை 1876-ல் உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது. 1877 ஏப்ரலில் தென் கரோலினாவின் கொலம்பியா, லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸ் நகரங்களில் சட்டமன்றக் கட்டடங்களைக் காத்துநின்ற மத்தியப் படை விலக்கிக்கொள்ளப்பட்டது.

இத்தனைக்குப் பிறகும் வாங்கினார்கள் என்பது வியப்பு. 1910 கணக்கெடுப்பில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின விவசாயிகள் நில உரிமையாளர்கள். பிறகு அதில் பெரும்பகுதி கைமாறியதற்கு ஒரு காரணம் மீண்டும் பத்திரம்தான். நீதிமன்றத்தின் மீது நம்பிக்கை இல்லாததால் பலர் உயில் எழுதவில்லை. நிலம் பிரிக்கப்படாமல் எல்லா வாரிசுகளுக்கும் பொதுவாக இறங்கியது. மூன்று தலைமுறையில் ஒரு வயலுக்கு ஐம்பது அறுபது பங்காளிகள். வெளியூரில் இருக்கும் ஒருவரின் பங்கை மட்டும் ஒரு நில வியாபாரி வாங்கிவிட்டால், அவரும் பங்காளி. பாகப்பிரிவினை வழக்குப் போட்டு, நிலத்தைத் துண்டுபோட முடியாது என்று சொல்லி, மொத்தத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவந்து தானே எடுத்துக்கொள்வார். கடற்கரைத் தீவுகளில் விடுதி கட்ட நிலம் போனது பெரும்பாலும் இந்த வழியில்.

2010-ல் வரைந்த மாதிரிச் சட்டம் ஒன்று இதை அடைக்கப் பார்க்கிறது. அதன்படி நீதிமன்றம் முதலில் நிலத்துக்குச் சுதந்திரமான மதிப்பீடு பெற வேண்டும். பிரிவினை கேட்டவரின் பங்கை அந்த மதிப்பில் வாங்கிக்கொள்ள மற்ற வாரிசுகளுக்கு முதல் வாய்ப்பு. விற்றே தீர வேண்டுமானால், நீதிமன்றப் படிக்கட்டில் ஏலம் போடாமல், பொதுவாகத் திறந்த சந்தையில் தரகர் மூலம் விற்க வேண்டும்; வேறு வழி அதிக ஆதாயம் தரும் என்று நீதிமன்றம் கருதினால் மட்டுமே விலக்கு. தென் கரோலினா இதை 2016-ல் ஏற்றது. 2018 விவசாயச் சட்டத்தின் பிறகு, உயிலோ தனிப்பட்டாவோ இல்லாத வாரிசு நிலத்தில் பயிரிடுபவரும், தான் அந்தப் பண்ணையை நடத்துவதற்கான வேறு ஆவணங்களைக் காட்டி அரசுப் பண்ணை எண் பெறலாம். அந்த எண் இல்லாமல் கடனுதவியோ பேரிடர் நிவாரணமோ கேட்க வழியில்லை.